எடை மாத்திரையும் எண்ணெய்க் கணக்கும்

"உடம்பு குறையற மாத்திரை ஒண்ணு குடுங்கண்ணா." தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு இந்த வரி பழகிப்போய்விட்டது. தலைவலி மாத்திரை கேட்கிற மாதிரியே கேட்பார்கள். கையில் சீட்டு இருக்காது. செல்போனில் யாரோ அனுப்பிய மாத்திரை அட்டையின் படம் இருக்கும், அதுவும் பாதி வெட்டுப்பட்டு.

சீட்டோடு வருகிறவர்களும் எல்லோரும் சரியாகச் சாப்பிடுகிறார்கள் என்று சொல்ல முடியாது. பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். அவருக்கும் ஓரகத்திக்கும் வெவ்வேறு டாக்டர், வெவ்வேறு மாத்திரை. வீட்டில் இரண்டுக்குமே பெயர் 'எடை மாத்திரை'தான். "அவ வெறும் வயித்துல போடறா, அவளுக்குக் குறையுது. நானும் ரெண்டு மாசமா விடியக்காலம் எந்திரிச்சு வெறும் வயித்துலதான் போடறேன். எனக்கு மட்டும் ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். அவருக்கு எழுதியிருந்தது ஆர்லிஸ்டாட், சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டியது. ஓரகத்திக்கு எழுதியிருந்தது செமாக்ளூடைடு, வெறும் வயிற்றில்தான் போட வேண்டியது. இரண்டு மாதமும் இந்த அக்கா போட்ட மாத்திரை வேலை இல்லாத நேரத்தில் வயிற்றுக்குள் போய், சும்மா இருந்துவிட்டு வெளியே வந்திருக்கிறது.

அன்றைக்கு அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எடை குறைக்கும் மாத்திரை என்று ஒரே ஒரு மாத்திரை கிடையாது. ஒவ்வொன்றும் உடம்பின் வெவ்வேறு இடத்தில் வேலை செய்கிறது. அது எங்கே வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால், எப்போது போடுவது, எப்போது விடுவது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, தானாகவே புரிந்துவிடும்.

முதலில் ஆர்லிஸ்டாட். நிறையப் பேருக்கு எழுதப்படுவது, நிறையப் பேர் தப்பாகச் சாப்பிடுவது, இரண்டும் இதுதான் என்பது என் அனுபவம்.

பங்குனி, சித்திரையில் நம் ஊர்ப்பக்கம் வீட்டுத் திண்ணைகளில் புளி தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடு உடைந்து, நாரும் கொட்டையும் போனால்தான் புளி பானைக்குள் போகும். உடையாத பழத்தை யாரும் பானையில் போடுவதில்லை. நாம் சாப்பிடும் எண்ணெயும் கொழுப்பும் அப்படித்தான். கொழுப்பின் மூலக்கூறு பெரியது. முழுசாகக் குடல் சுவரைத் தாண்டி உள்ளே போக அதனால் முடியாது. அதை உடைக்கவென்றே லைப்பேஸ் என்ற நொதியைக் கணையமும் இரைப்பையும் சுரக்கின்றன. புளி தட்டுகிற கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்லிஸ்டாட் போய் அந்தக் கட்டையைப் பிடித்துக்கொள்கிறது. சாப்பாட்டில் உள்ள கொழுப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உடையாமலே நின்றுவிடும். உடையாதது உள்ளே போகாது, மலத்தோடு வெளியேறும்.

மருந்து ரத்தத்தில் கலப்பது மிக மிகக் கொஞ்சம். வேலை முழுவதும் குடலுக்குள்தான். பசியைக் குறைக்காது, மூளைக்குப் போகாது, உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் தொப்பையைக் கரைக்காது. 'கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை' என்று சொல்லி வாங்குகிறார்களே, அது இல்லை இது. இப்போது தட்டில் இருக்கிற கொழுப்பில் ஒரு பங்கை உள்ளே விடாமல் நிறுத்துவது மட்டும்தான் இதன் வேலை. (இதன் மூலப்பொருள் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. மண்ணுக்குள் இருக்கிற ஒன்று நம் ஊர் போண்டாவுக்கு எதிராக வேலை செய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.)

இது புரிந்தால் மற்றதெல்லாம் வரிசையாக வந்துவிடும். கொழுப்பு வயிற்றில் இருக்கும்போது மருந்தும் அங்கே இருக்க வேண்டும். அதனால் சாப்பாட்டுக்குச் சற்று முன், சாப்பிடும்போது, அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும். வழக்கமாக எழுதுவது 120 மில்லி கிராம், மூன்று முக்கியமான வேளைச் சாப்பாட்டோடு ஒவ்வொன்று. ஒரு வேளை சாப்பிடவில்லையா? மாத்திரையும் வேண்டாம். சாப்பிட்டதில் கொழுப்பே இல்லையா? அப்போதும் வேண்டாம்.

இந்தக் கடைசி விஷயம் நம் மாவட்டத்துக்கு ரொம்பவே பொருந்தும். காலையில் ராகிக் கூழில் நீர்மோர் ஊற்றி, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு காட்டுக்குப் போகிறவர் அந்த வேளை ஆர்லிஸ்டாட் போட்டு என்ன பயன்? ராகியில் கொழுப்பு நூறு கிராமுக்கு இரண்டு கிராம்கூட வராது. அங்கே தட்டுவதற்குப் புளியே இல்லை, கட்டையைப் பிடித்து என்ன செய்ய? களி உருண்டையும் கீரைக் கடைசலும் சாப்பிட்டாலும் கிட்டத்தட்ட அதே கதைதான், தாளிப்பு எண்ணெய் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. அதே களிக்கு நாட்டுக்கோழிக் குழம்பு மேலே எண்ணெய் மிதக்க மிதக்க வந்தால் கணக்கு வேறு. ஆனால் நீங்களாகவே 'இன்று கூழ், அதனால் மாத்திரை இல்லை' என்று நாள் கணக்கில் விட்டுக்கொண்டே போகாமல், தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று வேளை எழுத வேண்டியது இரண்டு வேளை போதும் என்றுகூட அவர் முடிவு செய்யலாம்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாம்பழ சீசனில் இந்த மாத்திரை உங்களுக்குக் கை கொடுக்காது. மாம்பழத்தில் இருப்பது சர்க்கரை, கொழுப்பு இல்லை. சோறு, களி, பழம், டீயில் போடும் சீனி எதையுமே ஆர்லிஸ்டாட் தொடாது.

இனி கொஞ்சம் கணக்கு. டாக்டர் ஒரு நாளைக்கு 1500 கலோரி சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த மாத்திரையோடு கொழுப்பிலிருந்து வரும் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதாவது 450 கலோரி. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி, ஆக நாளைக்கு 50 கிராம். மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 16, 17 கிராம். ஒரு பெரிய கரண்டி, அதாவது மேசைக்கரண்டி கடலெண்ணெய் 14 கிராம் வரும். ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையிலும் கிட்டத்தட்ட அதே அளவு கொழுப்பு உண்டு. நம் ஊரில் கடலையை யாரும் எண்ணெய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. 'கொறிக்கறதுக்கு' என்கிற கணக்கில்தான் அது போகும்.

இந்த 50 கிராமில் மூன்றில் ஒரு பங்கை மாத்திரை நிறுத்தினால், மிச்சமாவது சுமார் 150 கலோரி. அவ்வளவுதான். இப்போது 'மாத்திரைதான் போடறோமே, என்ன ஆகிவிடும்' என்று ஒருவர் 100 கிராம் கொழுப்பு சாப்பிடுகிறார் என்றால், மாத்திரை தன் பங்கை நிறுத்திய பிறகும் 65, 70 கிராம் உடம்புக்குள் போகிறது. மாத்திரையே போடாமல் 50 கிராமோடு நின்றவரைவிட அதிகம்! காசும் போய், எடையும் ஏறி, வயிறும் கெடும்.

வயிறு கெடுவதைப் பற்றி இங்கே கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். டாக்டர் அவசரத்தில் சொல்லாமல் விட்டிருக்கலாம், நோயாளி வெட்கத்தில் கேட்காமல் விட்டிருக்கலாம். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஒருவர் எங்கள் கடைக்கு வழக்கமாக வருவார். எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவருக்கு டாக்டர் ஆர்லிஸ்டாட் எழுதிப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு ஒகேனக்கல் போயிருக்கிறார். எண்ணெய் தேய்த்துக் குளித்து, பரிசல் ஏறி, அப்புறம் மீன் வறுவல். மாத்திரையை மறக்காமல் போட்டிருக்கிறார். மறக்காமல் போட்டதுதான் வினை. திரும்பி வரும்போது வேனில் பென்னாகரம் தாண்டுவதற்குள் வயிறு முறுக்கி, காற்று பிரிகிறது என்று நினைத்தது காற்றோடு நிற்காமல், வேட்டியில் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய்க் கறை. மருமகள், பேரப் பிள்ளைகள் எல்லாம் கூட இருக்கிறார்கள். மறுநாள் கடைக்கு வந்து மாத்திரை அட்டையை மேசை மேல் வைத்துவிட்டு, "தம்பி, இது மருந்தா, தண்டனையா?" என்றார்.

தண்டனை இல்லை. கடாயிலிருந்து மீனோடு வந்த எண்ணெயில் ஒரு பங்கு உடையாமல் அப்படியே இறங்கியிருக்கிறது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. எண்ணெய்ப் பிசுக்கான மலம், அடக்க முடியாத அவசரம், காற்றோடு எண்ணெய் கசிவது எல்லாம் இந்த மருந்தில் அதிகம் காணும் தொல்லைகள். பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும், எண்ணெயைக் குறைக்கக் குறைக்கத் தணியும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் பத்து நாள் கல்யாணம், கிடா வெட்டு, நீண்ட பஸ் பயணம் எதுவும் இல்லாத நாட்களாகப் பார்த்துத் தொடங்குங்கள். அந்த நாட்களில் வெள்ளை வேட்டியும் வேண்டாம்.

எண்ணெயோடு இன்னொன்றும் வெளியே போகிறது. ஏ, டி, ஈ, கே என்ற நான்கு வைட்டமின்களும் கொழுப்பில் கரைந்துதான் உள்ளே போகும். கொழுப்பு நின்றால் அவையும் நின்றுவிடும். அதனால்தான் டாக்டர் கூடவே ஒரு வைட்டமின் மாத்திரையும் எழுதுவார். அதை ஆர்லிஸ்டாட்டோடு சேர்த்து விழுங்கினால் அதுவும் வீண். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எட்டு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு என்றால் படுக்கப் போகும்போது வைட்டமின், அது சுலபம்.

மற்ற மாத்திரைகளோடு மோதுவது இதைவிடப் பெரிய விஷயம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எடை அதிகம் இருக்கிறவர்கள் பலர் ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பெண்களில் குறிப்பாக. அந்த மாத்திரையில் இருக்கும் தைராக்ஸினை ஆர்லிஸ்டாட் உள்ளே போக விடாமல் செய்யலாம். இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, எட்டு மணிக்கு டிபனோடு ஆர்லிஸ்டாட் என்றால் இடைவெளி போதாது. காலை வேளையை விட்டுவிட்டு மதியமும் ராத்திரியும் மட்டும் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். தைராய்டு சரியாக இருக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையையும் இடையில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இதயத்தில் செயற்கை வால்வு வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் கே குறைவதால் ரத்தம் அளவுக்கு மேல் இளகலாம். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்க்காமல் ஆர்லிஸ்டாட்டைத் தொடவே கூடாது. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்து சரியாக உள்ளே போகாமல், நின்றிருந்த வலிப்பு திரும்பி வரலாம். சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் இரண்டும் இதே பட்டியல்தான். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வந்தால் அந்த மாத்திரையை மட்டும் நம்பியிருக்க முடியாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு வேறு மாதிரி. எடை குறையக் குறையச் சர்க்கரையும் இறங்கும். ஆனால் சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் நடுப்பகலில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் இருட்டிக்கொண்டு வரும். அப்போது உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். குறைக்க வேண்டியது எந்த மாத்திரை என்று அவர் சொல்வார்.

இங்கே நான் அடிக்கடி பார்க்கும் ஒரு தப்பு உண்டு. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான், சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல விஷயம். ஆனால் தனியார் டாக்டர் "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டால், "இல்லீங்க" என்றுதான் பதில் வருகிறது. "அப்ப இது என்னம்மா?" என்று பையைக் காட்டிக் கேட்டால், "அது நர்சம்மா வீட்டுக்குக் கொண்டாந்து குடுக்கறது, அது மருந்துக் கணக்குல வராதுன்னு நெனச்சேன்" என்கிறார்கள். வரும். காசு கொடுக்காமல் வந்த மாத்திரையும் மாத்திரைதான். எடை மாத்திரை எழுதும் டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற அத்தனை அட்டைகளையும் பாட்டில்களையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொல்வதைவிட அது மேல்.

ஆர்லிஸ்டாட் சிலருக்கு அறவே கூடாது. கர்ப்பிணிகள், பித்தநீர் ஓட்டத்தில் அடைப்பு உள்ளவர்கள், சாப்பாட்டுச் சத்து குடலில் சரியாக ஏறாத நீண்ட நாள் நோய் உள்ளவர்கள் தொடக் கூடாது. பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்தப் பக்கம் வர வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உடையாத கொழுப்பு குடலில் இருந்தால் ஆக்ஸலேட் என்ற உப்பு அதிகமாக ரத்தத்துக்குப் போய்க் கல் சேர வழி உண்டு. மிக அரிதாகக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, உடம்பெல்லாம் அரிப்பு, வலது விலாவுக்குக் கீழே வலி, இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய்க் கறைக்குப் பயப்பட வேண்டாம், மஞ்சள் கண்ணுக்குப் பயப்படுங்கள்.

இனி ஓரகத்தியின் மாத்திரை. செமாக்ளூடைடு வாய்வழி மாத்திரையாக இந்தியாவுக்கு 2022இல் வந்தது, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்காக. எடையும் கூடவே இறங்குவதால்தான் ஊரில் அதற்கு 'எடை மாத்திரை' என்று பெயர் வந்துவிட்டது. இது எண்ணெயைத் தொடாது. சாப்பிட்டவுடன் குடல் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போல நடித்து, 'போதும், நிறைந்துவிட்டது' என்று மூளைக்குச் சொல்கிறது. இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது.

இந்த மருந்து வயிற்றுக்குள் போனால் சாப்பாடு மாதிரியே செரித்துவிடும். ஊசியாக இருந்ததை மாத்திரையாக்குவதற்குக் கூடவே ஒரு துணைப்பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். அது இரைப்பைச் சுவரில் ஒட்டி நின்று மருந்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிடுகிறது. அப்படித் தள்ளியும் உள்ளே போவது நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அந்த ஒரு பங்கையும் ஒரு மடக்குக் காப்பி கெடுத்துவிடும். அதனால் எழுந்ததும் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேல் போகாமல், 120 மில்லிக்குள் வெறும் தண்ணீரில், உடைக்காமல் கடிக்காமல் விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருக்க வேண்டும். மற்ற மாத்திரைகளும் அதற்கு அப்புறம்தான். தைராய்டு மாத்திரையும் இதே நேரத்தைத்தான் கேட்கும். எதை முன்னால் போடுவது என்பதை எழுதிய டாக்டரே நேரம் போட்டுச் சொல்ல வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

அளவு 3 மில்லி கிராமில் தொடங்கும். அது உடம்பைப் பழக்குவதற்கான அளவு. ஒரு மாதம் கழித்து 7, தேவைப்பட்டால் 14. 'சீக்கிரம் குறையட்டும்' என்று நாமே இரண்டு 7 போட்டுக்கொண்டால் குமட்டலும் வாந்தியும் படுத்திவிடும். சித்திரை வெயிலில் நாள் முழுக்க வாந்தி எடுத்தால் உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் வரை போகும். முதுகுக்குப் பாயும் கடுமையான மேல்வயிற்று வலி வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம், அதற்குக் காத்திருக்கவே கூடாது. மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கு இந்த மருந்து கிடையாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். ஆபரேஷன் எதற்காவது போனால் மயக்க மருந்து கொடுக்கிறவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், வயிறு வழக்கத்தைவிட மெதுவாகத்தான் காலியாகும்.

சரி, இதெல்லாம் யாருக்கு? கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது, புடவை நன்றாக உட்கார வேண்டும் என்கிறவர்களுக்கு இல்லை. உயரத்தை மீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி, எடையை அதால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. ஐந்தே கால் அடி, அதாவது 1.6 மீட்டர் உயரம், 70 கிலோ என்றால் 27 சொச்சம். நம் மக்களுக்கு 23 தாண்டினால் கூடுதல் எடை, 25 தாண்டினால் உடற்பருமன் என்பது இந்திய மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. சாப்பாடும் நடையும் முயன்று பார்த்தும் இறங்கவில்லை, 27க்கு மேல் நிற்கிறது, அல்லது 25க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரையோ பிரஷரோ இருக்கிறது என்றால்தான் மாத்திரைப் பேச்சே.

எவ்வளவு குறையும் என்றும் கேட்பார்கள். ஆர்லிஸ்டாட்டை ஸ்வீடனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நான்கு வருடம் வைத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் சாப்பாடும் உடற்பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். முடிவில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 5.8 கிலோ குறைந்திருந்தது, வெறும் டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 3 கிலோ. 'மாசத்துக்குப் பத்து கிலோ' போஸ்டர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சப்பென்றுதான் இருக்கும். ஆனால் அந்தச் சின்னக் குறைவிலேயே சர்க்கரை நோய் வருவதும் குறைந்தது. மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் தொடங்கிய எடையில் நூற்றுக்கு ஐந்து குறையவில்லை, 80 கிலோ ஆள் 76க்கு வரவில்லை என்றால், இந்த மருந்து உங்களுக்கு ஒத்து வரவில்லை. நிறுத்துவதைப் பற்றி டாக்டரிடம் பேசிவிடலாம், இழுத்துக்கொண்டே போக வேண்டாம்.

அந்தப் போஸ்டர்களைப் பற்றி இரண்டு வரி. மூலிகை என்று பெயர் போட்டு வரும் பாக்கெட், டப்பா எதுவானாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாவிட்டால் தொடாதீர்கள். சிபுட்ராமின் என்று ஒரு பசி அடக்கி மருந்து இருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் வரும் அபாயம் கூடுகிறது என்று தெரிந்து 2010இல் பல நாடுகள் கைவிட்டன, இந்தியா 2011இல் தடை செய்தது. அதையே பொடியாக்கி 'இயற்கை' மாத்திரைகளுக்குள் ஒளித்து விற்றதைப் பல நாட்டு அதிகாரிகள் பிடித்திருக்கிறார்கள். சாப்பிட்டவுடன் பசி மந்தமாகி, நெஞ்சு படபடவென்று அடித்து, தூக்கம் வராமல் போகிற 'மூலிகை'யை நம்பாதீர்கள், மூலிகை அப்படிச் செய்யாது. தைராய்டே இல்லாமல் எடைக்காகத் தைராய்டு மாத்திரை போடுவதும் இதே வகை விபரீதம்தான்.

நியாயமான மருந்து அட்டையில் ஓரமாகச் சிவப்புக் கோடு இருக்கும். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பதற்கு அடையாளம். அந்தக் கோட்டைக் காட்டி நான் இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்கள் உண்டு. போகட்டும். மாத்திரையால் ஏதாவது ஆனால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் யார் வேண்டுமானாலும் புகார் சொல்லலாம். மருந்துகளின் பக்க விளைவுகளைப் பதிவு செய்யும் மத்திய அரசுத் திட்டத்தின் எண் அது. அவசரமென்றால் 108தான்.

வாங்கிய மாத்திரையை வண்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, வெயிலில் நிறுத்தி, சந்தைக்குள் போய்விடாதீர்கள். செமாக்ளூடைடை விழுங்கும் நிமிடம் வரை அட்டையிலிருந்து பிரிக்கவே கூடாது, ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். கிழமை எழுதிய டப்பாவில் ஒரு வாரத்துக்குப் பிரித்து வைக்கும் பழக்கம் அதற்கு ஆகாது.

பென்னாகரத்து அக்கா இப்போது மதியமும் ராத்திரியும் சாப்பாட்டோடு போடுகிறார். மூன்று கிலோ இறங்கியிருக்கிறது. ஓரகத்தியோடு இன்னமும் போட்டிதான்.

மண்டிக்காரர் மாத்திரையை விடவில்லை. அடுத்த ஆடிக்கு முந்தின வாரம் வந்தவர், "தம்பி, பதினெட்டாம் பெருக்கு வருது. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் மாத்திரைய வீட்டுல வெச்சுட்டுப் போயிடட்டுமா?" என்று கேட்டார்.

"வெச்சுட்டுப் போகலாங்கண்ணா. வேட்டி தப்பிச்சுக்கும். ஆனா எண்ணெய் மொத்தமும் உள்ள போகும்," என்றேன். "ஒண்ணு பண்ணுங்க. மீன வாங்கிக் குடுத்தா அங்கயே சமைச்சுத் தர்ற அம்மாமாருங்க இருப்பாங்க இல்ல, அவங்ககிட்ட வறுக்காம குழம்பு வெக்கச் சொல்லுங்க. எண்ணெய் ஒரு கரண்டியோட நிக்கட்டும். மாத்திரையும் போட்டுக்கங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "குழம்புல ரெண்டு துண்டு, வறுவல்ல ஒரு துண்டு. வேட்டி மட்டும் காவி," என்று சொல்லிவிட்டு மாத்திரைக்குக் காசை எடுத்து வைத்தார்.